பஞ்சவர்ணத்துக்குக் கிடைக்காத முட்டை

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பஞ்சவர்ணம் குடித்ததில்லை. பீரும் இல்லை, பிராந்தியும் இல்லை. "ஈரல் கெட்டுப்போச்சாமே, அப்போ சரக்கு போடுவா போல" என்று அண்ணனூரில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு தெருவில் பேசிய அத்தனை வாய்க்கும் இதுதான் பதில். அவளுடைய உடம்பே அவளுடைய ஈரலை எதிரியாக நினைத்து அரித்த நோய் அது. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைத் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. குடி என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது, அதனால் அதையே வைத்துக்கொண்டார்கள்.

என் பெயர் ரேகா. இங்கே தொடக்கப்பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளும் சமையல் ஆட்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. பஞ்சவர்ணம் என்னிடம் பத்தொன்பது வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா கோவில்பதாகை பக்கம் அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வயல் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஒருநாள் அந்தப் பக்கம் ஆட்டோவில் போகும்போது, "இன்னாடி, வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "இன்னாத்துக்கு டீச்சர் வருத்தம்? எங்க நைனா அதுல முதுகு ஒடஞ்சதுதான் மிச்சம். இடிச்சிக் கட்டட்டும்" என்றாள். அப்படிப்பட்டவள். வாயில் ஒன்று மனசில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது.

அவள் முட்டை உரிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளி நடக்கிற நாளெல்லாம் நூற்றிருபது பிள்ளைகளுக்கு நூற்றிருபது முட்டை. வெந்ததும் சுடுதண்ணீரை வடித்துவிட்டு, இருபது இருபதாகச் சின்னக் குண்டானில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்து ஒரு குலுக்கு. ஓடு முழுக்க நொறுங்கிவிடும். அப்புறம் கை வைத்தாலே சட்டை கழற்றுகிற மாதிரி ஓடு கழன்றுவரும். வெள்ளையில் ஒரு கீறல் இருக்காது. மஞ்சள் கருவைப் பார்த்தாலே துப்புகிற சில பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் கருவைச் சாம்பார் சோற்றில் மசித்துவிடுவாள். "இன்னிக்கி பருப்பு கொஞ்சம் தூக்கலா கீது, துன்னுடா" என்பாள். அந்தப் பிள்ளைகள் கன்னம் வைத்துதான் அஞ்சாம் வகுப்பை விட்டுப் போவார்கள்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை ஊட்டினவள் தன் வீட்டில் ஒரு முட்டைக்கு வழியில்லாமல் கிடந்தாள். ஏழு மாசம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கண் மஞ்சளாயிற்று. அவள் புருஷன் உதயகுமார், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், ஆனால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அதனால் முதல் வைத்தியம் அவருடைய அக்கா வேம்புலியம்மாள் கையில் போயிற்று. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நாலு மாசம். அதற்குள் வயிறு பானையாக வீங்கி, ஒருநாள் பள்ளிச் சமையல்கட்டிலேயே ரத்த வாந்தி எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், ஈரல் முழுக்கச் சுருங்கிவிட்டது, மாற்றினால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள்.

ஈரல் கொடுத்தது அவள் மகன் வெற்றிச்செல்வன். இருபத்துநாலு வயசு. அவளை அறுவைக்கு ஒத்துக்கொள்ள வைக்கத்தான் பெரும்பாடு. "என் புள்ள வவுத்த அறுத்துத்தான் நான் பொயைக்கணுமா?" என்று ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அவன்தான் அவள் காதருகில் போய், "நீ குடுத்த ஒடம்புதானம்மா, கொஞ்சூண்டு திருப்பித் தரேன், வாங்கிக்கோ" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். டிசம்பரில் அறுவை நடந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஜனவரியில் அவள் வீடு திரும்பினாள்.

அவள் வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். பூந்தமல்லியிலிருந்து வேம்புலியம்மாள் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளத் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள். விடியற்காலை எழுந்து பாத்திரம் முழுவதையும் வெந்நீரில் அலசுவாள், தரையை மருந்து போட்டுத் துடைப்பாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

உதயகுமார் ஆஸ்பத்திரி ஃபைலை என் கையில் கொடுத்தார். "டீச்சர், நீங்களே படிச்சி சொல்லுங்க. அங்க மடமடன்னு சொல்டாங்க, ஒண்ணும் மண்டையில ஏறல."

மேலாக ஒரு தாள் இருந்தது. தமிழில்தான் அச்சடித்திருந்தார்கள். 'உணவு: தவிர்க்க வேண்டியவை' என்று தலைப்பு. உரக்கப் படித்தேன். பச்சைக் காய்கறி கூடாது. வெளிச் சாப்பாடு கூடாது. கோயில் பிரசாதம், கூழ் கூடாது. நாட்டு மருந்து கூடவே கூடாது. பம்பளிமாஸ் கூடாது, மாத்திரையோடு சண்டை போடும். சரியாக வேகாத முட்டை, கறி, மீன் கூடாது.

வேம்புலியம்மாள் அங்கேயே பிடித்துக்கொண்டாள். "பாத்தியா தம்பி? முட்ட, கறி, மீனு, எதுவுமே ஆவாதாம்."

"வேகாததுதான் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"வெந்துதா வேகலியான்னு உள்ள பூந்தா பாக்க முடியும்? எதுக்கு டீச்சர் வம்பு? புள்ள அறுத்துக் குடுத்தது."

அந்தக் கடைசி வார்த்தையோடு பேச்சு முடிந்துவிட்டது. தாள் தொலைந்துவிடக் கூடாதே என்று நான்தான் அதைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினேன். பள்ளியில் அட்டவணை ஒட்டி ஒட்டிப் பழகிய கை. நாலு மூலையில் மட்டும் வைத்தால் பிய்ந்துவிடும் என்று, வடித்த சோற்றைக் குழைத்துத் தாள் முழுக்கத் தடவி, துணியால் நீவி, சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். "டீச்சர் வேலைன்னா டீச்சர் வேலைதான்" என்றார் உதயகுமார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பத்தியம் தொடங்கியது. காமாலை வந்த உடம்பு, அதனால் மஞ்சளாக எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது வேம்புலியம்மாள் சட்டம். பருப்பு மஞ்சள், போயிற்று. முட்டைக் கரு மஞ்சள், போயிற்று. "வெள்ளையையாவது கொடுக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் ஒரே ஓட்டுல தானே இருந்துது?" என்றாள். மீன் கவுச்சி, தையல் போட்ட இடம் சீழ் கோத்துக்கும். கோழி சூடு. பால் சளி. சுண்டல் வாயு. மிச்சம் என்ன? காலையில் ஆரோரூட் கஞ்சி. மத்தியானம் குழைந்த சோறும் உப்பில்லாத புடலங்காயும். ராத்திரி சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. நடுவில் பிஸ்கட். ஒரு பெரிய அறுவையிலிருந்து எழுந்துவந்த உடம்புக்கு இதுதான் சாப்பாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே அடுப்பில், அதே வேம்புலியம்மாள் கையால், மகனுக்கு ஆட்டுக்கால் சூப்பு கொதித்தது. தினமும் இரண்டு முட்டை, வாரத்தில் மூன்று நாள் மீன். "குடுத்த ஒடம்பு தேறணும்ல?" கொடுத்தவன் தேற வேண்டும். வாங்கினவள் தேற வேண்டாமா? அவன் மூன்றாவது மாசம் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன பத்தியம் என்றுதான் அவனும் நினைத்தான். சுவரில் தாள் இருக்கிறதே, அச்சடித்த தாள்.

அவள் ஏன் பொறுத்துக்கொண்டாள் என்று கேட்பீர்கள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. அவளுக்குள் இருந்தது மகனுடைய ஈரல். அதைத் தன் நாக்குக்காகக் கெடுத்துவிட்டால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பாள்? அந்த ஒரு பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை என்ன வேண்டுமானாலும் சாப்பிட வைக்கலாம், என்ன வேண்டுமானாலும் சாப்பிடாமலும் வைக்கலாம்.

மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ஈரல் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். "நல்லா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்கள். "டைமுக்குச் சாப்புடுது சார்" என்றார் உதயகுமார். பொய் இல்லை, நேரத்துக்குத்தான் சாப்பிட்டாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை. வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒருநாள் மத்தியானம் முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். சேலைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கழுத்தெலும்புக்கு மேல் ஒரு விரல் ஆழத்துக்குக் குழி. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இடத்துக்கு வந்திருந்த தற்காலிக ஆள் முட்டை பரிமாறிக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் அந்தத் தாம்பாளத்தையே பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "டீச்சர், ஒண்ணே ஒண்ணு தரீங்களா?" என்றாள்.

தாம்பாளத்தில் இரண்டு மிச்சம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அறிவிருக்காடி உனக்கு? உன் புள்ள உயிரைக் கொடுத்திருக்கான். நாக்கைக் கட்டு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், பள்ளிச் சுவரில், நான் வருஷா வருஷம் எழுத வைக்கிற வாசகம் இருந்தது: 'தினம் ஒரு முட்டை, உடம்புக்கு உறுதி.' தெருக்காரர்களின் வாயைப் பற்றி முதலில் அவ்வளவு பேசினேனே, என் வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் தெருவில் கூழ் ஊற்றினார்கள். அம்மன் ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது, கும்பிடலாம் என்று பஞ்சவர்ணம் தரையிலிருந்து எழப்போனாள். கால் எழவில்லை. கையை ஊன்றினாள், கையும் நிற்கவில்லை. அப்படியே சாய்ந்தாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தாளோ. "ஆத்தாளுக்கு இந்த வருசம் கூழ் ஊத்தலல்ல, அந்தக் குத்தம்தான்" என்றாள் வேம்புலியம்மாள்.

மறுநாள் உதயகுமாருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு எதுவும் உடையவில்லை. டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். நிஷா என்று ஒரு பெண், முப்பது வயசுகூட இருக்காது. அவள் பஞ்சவர்ணத்தின் மேல்கையைச் சுற்றி நாடாவால் அளந்தாள். ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முள் கொஞ்சமும் ஏறவில்லை. குண்டான் குலுக்கிய கை.

பிறகு நிஷா என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துக் கேட்டாள். "நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா."

பஞ்சவர்ணம் சொன்னாள். கஞ்சி. பிஸ்கட். சோறு, புடலங்காய். இட்லி.

"பருப்பு?"

"அது மஞ்சம்மா."

"முட்டை?"

"அதுவும் மஞ்ச."

நிஷா பேனாவை மேஜை மேல் வைத்தாள். "முப்பத்தஞ்சு கிலோ இருக்கீங்க. ஆபரேஷன் அன்னிக்கு நாப்பத்துநாலு. ஈரல் ஒரு குறையும் இல்லாம வேலை செய்யுது. சாப்பாடுதான் வரல. அதனால உடம்பு உங்க தசையையே கரைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. இப்படியே போனா ஒரு சாதாரண சளி போதும். இருமித் துப்பக்கூட பலம் இருக்காது, நிமோனியா ஆகும். எங்களால ஒண்ணும் செய்ய முடியாது." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். குரல் உயர்ந்துவிட்டது. "நாங்க கொடுத்த தாளோட பின்பக்கத்தை வீட்ல யாருமே படிக்கலையா?"

மேஜையிலிருந்து அதே தாளை எடுத்துக் காட்டினாள். தவிர்க்க வேண்டியவை. எனக்கு மனப்பாடம். கீழே மூலையில் பொடி எழுத்தில் 'மறுபக்கம் பார்க்க' என்று இருந்தது. அவள் திருப்பினாள். 'கட்டாயம் சாப்பிட வேண்டியவை.' கட்டம் கட்டமாக அட்டவணை. நன்றாக வெந்த முட்டை தினமும் இரண்டு. பருப்பு இரண்டு வேளை. மீன் அல்லது கோழி. காய்ச்சிய பால். வேகவைத்த சுண்டல். படுக்கப் போகுமுன் மறுபடி ஏதாவது.

அந்த அட்டவணையை நான் ஜனவரியிலேயே பார்த்திருக்கிறேன். பசை தடவத் தாளைக் கவிழ்த்தபோது பார்த்தேன். கட்டமும் கிராம் கணக்குமாக இருந்ததால், ஆஸ்பத்திரிக்காரர்கள் நிரப்புகிற ஏதோ படிவம் என்று நினைத்து, அதன் மேலேயே சோற்றைத் தடவினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது உள்ளுக்குள் ஒவ்வொருத்தரையாகத் திட்டிக்கொண்டு வந்தேன். வேம்புலியம்மாளை, ஊமையாக நின்ற உதயகுமாரை, 'மறுபக்கம் பார்க்க' என்பதை எறும்பு அளவில் அச்சடித்தவனை. திட்டத் திட்ட ஆள் தீர்ந்துபோய் கடைசியில் நான்தான் மிச்சம் நின்றேன்.

வீட்டுக்குள் போனதும் சமையல்கட்டுக்கு நேராகப் போய், ஈரத் துணியை அந்தத் தாள் மேல் வைத்து ஊற வைத்தேன். "இன்னா டீச்சர் பண்றீங்க?" என்று வேம்புலியம்மாள் ஓடிவந்தாள். நான் உரித்தேன். அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன். தாள் நார் நாராக, சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. ஒரே ஒரு துண்டு மட்டும் படிக்கிற மாதிரி வந்தது. அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "படிங்க" என்று கத்தினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நன்றாக... வெந்த... முட்டை. தினமும்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தத் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "நானே பட்டினி போட்டுக்கீறனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, வெற்றிச்செல்வனுக்கு வாங்கி வைத்திருந்த முட்டையில் மூன்றை எடுத்து அடுப்பில் போட்டாள். கால் மணி நேரம் அந்தப் பாத்திரத்தைவிட்டு நகரவில்லை. கண்ணைத் துடைப்பதும், எட்டிப் பார்ப்பதுமாக நின்றாள்.

முதல் முட்டையை அவளே உரித்துத் தட்டில் வைத்தாள். பஞ்சவர்ணம் அதைப் பிட்டு, மஞ்சள் கருவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சாப்பிட்டாள். நிதானமாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளை சாப்பிடுவானே, அப்படி. தொண்டையில் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கொடுத்தேன்.

"ஆபரேசன் வலி மூணே மாசத்துல பூட்ச்சி டீச்சர்" என்றாள். "பசிதான் போவல. ஈரலு மாத்துனா இப்டித்தான் பசிக்கும்போலன்னு நெனச்சிக்கினேன்."

வேம்புலியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. "அன்னிக்கு நான் அந்தத் தாளைத் திருப்பிப் படிச்சிருக்கணும்டி" என்று மட்டும் சொன்னேன்.

"பின்னாடி எய்த்து இருந்தத நானும் பாத்தேன் டீச்சர். நீங்க பச தடவச்சொல்ல அங்கதான படுத்துக்கினு இருந்தேன்."

"பார்த்தியா? அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க படிச்சவங்க, ஒட்றீங்க. சரியாத்தான் ஒட்டுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். "இன்னொண்ணு கீதா?"

பாத்திரத்திலிருந்து எடுத்து உரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு நான் உரித்துக் கொடுத்த முதல் முட்டை அது. ஓடு துண்டு துண்டாக, பாதி வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்கு முட்டை உரிக்கவே தெரியவில்லை.